நர்சிங் கல்லூரியில் டீம் டீச்சிங்: நான்கு பேர் சேர்ந்து ஒரு பாடத்தை நடத்துவது எப்படி?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் செமஸ்டரில் அடல்ட் ஹெல்த் நர்சிங் பாடத்தை நான்கு பேர் எடுக்கிறோம். பிரின்சிபால் அதை டைம் டேபிளில் 'டீம் டீச்சிங்' என்றே போட்டிருக்கிறார். ஆளுக்குச் சில யூனிட் என்று பிரித்துக்கொண்டோம். ஆனால் மாணவர்கள், "இந்த மேடம் ஒன்று சொல்றாங்க, அந்த மேடம் வேற சொல்றாங்க, வார்டில் சிஸ்டர் மூணாவதா ஒண்ணு சொல்றாங்க" என்கிறார்கள். எங்கே தவறுகிறோம்? முறையாக எப்படிச் செய்வது?

பதில்:

நீங்கள் செய்துகொண்டிருப்பது பாகப்பிரிவினை. ஒரு பாடத்தை நான்காக வெட்டி ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு, அவரவர் துண்டை அவரவர் தனியே நடத்துகிறீர்கள். நெஞ்சு நோய்களை எடுப்பவருக்குச் சர்க்கரை நோயை எடுப்பவர் என்ன சொன்னார் என்று தெரியாது. இதனால் ஆசிரியர்களின் சுமை குறையும், அவரவருக்குப் பிடித்த யூனிட் கிடைக்கும், அதில் தப்பில்லை. ஆனால் டீம் டீச்சிங்கின் பலன் இதில் கிடைக்காது. மாணவர் சொல்லும் முரண்பாடும் இங்கேதான் பிறக்கிறது.

டீம் டீச்சிங் என்று சொல்ல வேண்டுமானால் மூன்று காரியங்கள் கூட்டாக நடக்க வேண்டும்: திட்டமிடுவது, வகுப்பில் நிற்பது, மதிப்பெண் போடுவது. மூன்றில் திட்டமிடுவதை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் செய்தால், மாணவர் கண்முன்னாலேயே ஆசிரியர்கள் முரண்படுவார்கள். அது இன்னும் மோசம். திட்டமிடுவதை மட்டும் கூட்டாகச் செய்து வகுப்பைத் தனித்தனியே எடுத்தால்கூடப் பாதிப் பலன் கிடைத்துவிடும். ஆகவே, கைவைக்க வேண்டிய முதல் இடம் திட்டக் கூட்டம்.

முரண்பாடு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு சிரிஞ்சு போதும்

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு அடர்த்தியில் வருகிறது: ஒரு மி.லி.யில் 40 யூனிட், ஒரு மி.லி.யில் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு விதம்: சிவப்பு மூடி போட்டது 40க்கு, ஆரஞ்சு மூடி போட்டது 100க்கு. வகுப்பில் அமெரிக்கப் பாடப்புத்தகத்தை வைத்து நடத்தும் ஆசிரியர், 100 யூனிட் சிரிஞ்சை மட்டும் காட்டி, "பத்தாவது கோடு வரைக்கும் எடுத்தா பத்து யூனிட்" என்கிறார். வார்டில் இருப்பதோ 40 யூனிட் குப்பி. அந்த மாணவி ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அந்தக் குப்பியிலிருந்து பத்தாவது கோடு வரை எடுத்தால், நோயாளிக்குப் போவது 0.1 மி.லி., அதாவது 4 யூனிட்தான். தலைகீழாக, 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்தாவது கோடு வரை எடுத்தால் 0.25 மி.லி., அதாவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. இரவு ஷிஃப்டில் ஒரு நோயாளி சர்க்கரை இறங்கி நினைவு தப்பிப்போக இது போதும்.

வகுப்பெடுத்தவர் சொன்னது தவறில்லை. வார்டு சிஸ்டர் சொல்வதும் தவறில்லை. இருவரும் ஒரே மேசையில் உட்காராததுதான் தவறு. மூக்கு வழி உணவுக் குழாய்க்கும் இதே கதை. குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று அறிய, காற்றைச் செலுத்தி வயிற்றில் ஸ்டெத் வைத்துக் கேட்டால் போதும் என்று ஒருவர் இன்னமும் சொல்லிக்கொடுப்பார்; அது நம்பத்தகாத முறை, நுரையீரலுக்குள் போன குழாயிலும் அந்தச் சத்தம் கேட்கும், குழாய் வழியே உறிஞ்சிய திரவத்தின் பி.ஹெச். (அமிலத்தன்மை அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சந்தேகமென்றால் எக்ஸ்ரே என்று இன்னொருவர் சொல்வார். வார்டில் பி.ஹெச். தாளே இருக்காது. மாணவர் என்ன செய்வார்? எந்த மேடம் அன்று எக்ஸாமினராக வருகிறாரோ அவர் முறையைச் செய்து காட்டுவார். நோயாளிக்கு எது பாதுகாப்பு என்ற கேள்வியே அவர் மனதில் எழாது. எனக்கு இதில்தான் பெரிய கவலை.

எத்தனை மணி நேரத்துக்கு இது தேவை

எல்லா வகுப்பையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய பாடத்திட்டம் 2021இல் அரசிதழில் வந்து செமஸ்டர் முறை ஆனபின், அடல்ட் ஹெல்த் நர்சிங் முதல் பகுதிக்குத் தியரி 140 மணி, ஸ்கில் லேப் 40 மணி, கிளினிக்கல் 480 மணி. தியரியின் 140 மணியில் 16 முதல் 20 மணி வரை, அதாவது இரண்டு மணி நேர வகுப்புகளாக எட்டிலிருந்து பத்து, கூட்டாக நடத்தினால் போதும். மீதியை இப்போது போலவே பிரித்துக்கொள்ளுங்கள்.

எந்த எட்டு? மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தத் தலைப்பில் இரண்டு பாடங்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா? புத்தகமும் வார்டும் விலகி நிற்கின்றனவா? ஒரு சின்னப் பிழை நோயாளியின் உயிரைத் தொடுமா? மூன்றில் இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் அந்தத் தலைப்பு கூட்டு வகுப்புக்கு உரியது. நீர்ச்சத்து, தாது உப்புக் குறைபாடு, ரத்தம் ஏற்றுவது, ஆக்சிஜன் கொடுக்கும் கருவிகள், நெஞ்சுக் குழாய் பராமரிப்பு, அறுவைக்குப் பிந்தைய முதல் நாள், சர்க்கரை நோயின் அவசர நிலைகள் ஆகியவை முதல் பட்டியலில் வரும். வரையறை, நோய்ப் பிரிவுகள், உடற்கூறு மறுபார்வை இவற்றுக்கு இரண்டு பேர் தேவையே இல்லை; ஒருவர் எடுத்தால் நேரமும் மிச்சம்.

ஒரு வசதியையும் கவனியுங்கள். இதே மூன்றாம் செமஸ்டரில்தான் மருந்தியல் முதல் பகுதியும் நோய்க்குறியியல் முதல் பகுதியும் ஓடுகின்றன. இரண்டுக்கும் தலா 20 மணிதான். அந்த ஆசிரியர்கள் உங்கள் வகுப்புக்கு வருவதில் அவர்களுக்கும் லாபம் உண்டு: தாங்கள் தனியே சொல்லி ஒட்டாத விஷயம் இங்கே ஒரு நோயாளியோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் குழு என்றால் அடல்ட் ஹெல்த் எடுக்கும் நீங்கள் நான்கு ஆசிரியர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு வகுப்புக்கு மூன்று பேர் போதும்: நர்சிங் ஆசிரியர் ஒருவர், மருந்தியலோ நோய்க்குறியியலோ எடுப்பவர் ஒருவர், அந்த வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் அல்லது அங்கே மாணவரோடு நிற்கும் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர். நான்கு பேருக்கு மேல் போனால் வகுப்பு மேடைக் கச்சேரி ஆகிவிடும்.

திட்டக் கூட்டம்

வகுப்புக்குப் பத்து நாள் முன்னால், ஒன்றரை மணி நேரம். மதிய உணவு இடைவேளையில் நின்றபடி பேசுவது கூட்டம் ஆகாது. அதற்கு முன்பே ஒருவர் வார்டுக்குப் போய்வர வேண்டும். அங்கே அலமாரியில் எந்தக் குப்பி இருக்கிறது, எந்த சிரிஞ்சு, சார்ட் எப்படி அச்சாகியிருக்கிறது, சிரிஞ்சு பம்ப் வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்த்துக் குறித்து வருவது அவர் வேலை. இதைச் செய்யாமல் கூடினால் எல்லோரும் புத்தகத்தையே பேசுவார்கள்.

கூட்டத்தில் முதலில் எழுத வேண்டியது ஒரு பக்கத் தாள். அதில் அட்டவணையாக நான்கு பத்தி: செயல், புத்தகம் அல்லது வழிகாட்டுதல் சொல்வது, நம் வார்டில் நடப்பது, மாணவருக்கு நாம் எல்லோரும் சொல்லப்போவது. நான்காவது பத்தியில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்க வேண்டும். 'சூழ்நிலைக்கேற்ப' என்று எழுதினால் அந்த வரி பயனற்றது.

எடுத்துக்காட்டாக, கீட்டோ அமிலத் தேக்கத்தில் (இன்சுலின் போதாமல் ரத்தம் அமிலமாகும் சர்க்கரை நோய் அவசர நிலை) இன்சுலின் தொடங்கும் முன் பொட்டாசியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2009 அறிக்கையில் 3.3க்கு (லிட்டருக்கு மில்லி ஈக்விவலன்ட்) கீழே இருந்தால் இன்சுலினை நிறுத்தி வை என்று இருந்தது. 2024 அறிக்கையில் அது 3.5 ஆயிற்று. பழைய பதிப்பு வைத்திருப்பவர் ஒன்றும் புதியது படித்தவர் ஒன்றும் சொல்வார்கள். தாளில், "3.5க்குக் கீழ் என்றால் இன்சுலின் தொடங்காமல் மருத்துவரை அழை. பழைய புத்தகங்களில் 3.3 என்றிருக்கும்" என்று எழுதிவிட்டால் சண்டை தீர்ந்தது. கை கழுவும் நேரத்துக்கும் இப்படி ஒரு வரி போடுங்கள்: சோப்புத் தண்ணீர் என்றால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இது. சின்ன விஷயம்தான். ஆனால் செக்லிஸ்ட்டில் ஒருவர் 20 விநாடிக்கு டிக் போடுவதும் இன்னொருவர் வெட்டுவதும் இதில்தான்.

வார்டில் நடப்பது பாதுகாப்பற்றது என்று தெரிந்தால் என்ன செய்வது? மாணவருக்குச் சரியான முறையைத்தான் சொல்ல வேண்டும். அதோடு, வார்டில் ஏன் வேறாக நடக்கிறது என்பதையும் குறை சொல்லாமல் விளக்குங்கள். பி.ஹெச். தாள் சப்ளை இல்லை என்றால் அப்படியே சொல்லுங்கள். அந்த வரியை நர்சிங் சூப்பரின்டென்டெண்ட் பார்வைக்கும் அனுப்புங்கள். வேலூர் சி.எம்.சி. நர்சிங் கல்லூரியில் ஆசிரியர்கள் வார்டுப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கும் முறை வெகுகாலமாக உண்டு. அங்கே இந்த இடைவெளி ஓரளவு தானாகவே அடைபடுகிறது. அந்த ஏற்பாடு இல்லாத கல்லூரிகளில் இந்தத் தாள்தான் பாலம்.

அடுத்து லெசன் பிளான். வழக்கமான படிவத்தில் 'ஆசிரியர் செயல்' என்று ஒரு பத்தி இருக்கும். அதை இரண்டாக்குங்கள்: 'பேசுபவர்', 'அந்த நேரத்தில் மற்றவர் செய்வது'. இரண்டாவது பத்தி எங்கே காலியாகக் கிடக்கிறதோ அங்கே அந்த ஆசிரியர் தேவையில்லை என்று பொருள். அவரை வகுப்பிலிருந்து விட்டுவிடலாம், அல்லது அவருக்கு வேலை கொடுக்க வேண்டும். பின் வரிசையில் உட்கார்ந்து ரெக்கார்ட் திருத்திக்கொண்டிருக்கும் இரண்டாவது ஆசிரியரைப் பார்த்தால், இந்தப் பத்தியை யாரும் நிரப்பவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு வகுப்பு எப்படிப் போகும்

சர்க்கரை நோயில் கீட்டோ அமிலத் தேக்கம், 60 மாணவர், மூன்று ஆசிரியர், 120 நிமிடம்.

முதல் 10 நிமிடம் நர்சிங் ஆசிரியர் ஒரு நோயாளியை முன்வைக்கிறார். 22 வயதுப் பெண், முதல் வகைச் சர்க்கரை நோய், எடை 50 கிலோ. இரண்டு நாளாக வாந்தி. "சாப்பிடவே இல்லையே, ஊசி எதுக்கு" என்று வீட்டில் இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். மூச்சு ஆழமாக, வேகமாக வாங்குகிறது. சர்க்கரை 480, ரத்த பி.ஹெச். 7.1, பொட்டாசியம் 3.1. "முதலில் என்ன செய்வீர்கள்?"

பெரும்பாலான மாணவர் "இன்சுலின்" என்பார்கள். கூட்டு வகுப்பின் முழு மதிப்பும் அடுத்த இந்த நிமிடத்தில்தான் இருக்கிறது. நர்சிங் ஆசிரியர் பதில் சொல்லக் கூடாது. மருந்தியல் ஆசிரியர், "மேடம், ஒரு நிமிஷம்" என்று எழுந்து, பலகையில் ஒரு செல்லை வரைந்து, இன்சுலின் சர்க்கரையோடு பொட்டாசியத்தையும் உள்ளே இழுக்கிறது என்று காட்டுகிறார். ரத்தத்தில் ஏற்கெனவே 3.1தான், இன்னும் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஆகவே முதலில் நார்மல் சலைன், முதல் மணி நேரத்தில் ஒரு லிட்டர் அளவுக்கு, பிறகு பொட்டாசியம், அது ஏறியபின் இன்சுலின். உடனே வார்டு சிஸ்டர் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலைக் கையில் தூக்கிக் காட்டுகிறார். 10 மி.லி. ஆம்பூல், அதில் 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம். இதை நேரடியாக ரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். சலைனில் கலந்துதான் ஏற்ற வேண்டும். பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி நன்றாகக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் கனமான மருந்து அடியில் தங்கி முதலில் இறங்கும். சிறுநீர் போகிறதா என்று பார்த்தபின்தான் தொடங்க வேண்டும். மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் போனால் இதயத் துடிப்பு மானிட்டர் ஓட வேண்டும்.

மூன்று பேரும் மாறி மாறிப் பேசும் இந்தப் பகுதி 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. யாராவது ஒருவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அது அந்த நேரத்தில் பேசாத ஆசிரியரின் வேலை. கூட்டு வகுப்புகள் நேரத்தில் முடியாததற்கு முதல் காரணம், ஒருவர் சொன்னதையே அடுத்தவர் 'மேடம் சொன்ன மாதிரி' என்று ஆரம்பித்து மறுபடி சொல்வது.

பிறகு 5 நிமிடம் இடம் மாற. அதன்பின் 60 நிமிடம் மூன்று மேசை, மேசைக்கு 20 மாணவர், 20 நிமிடத்துக்கு ஒருமுறை சுழற்சி. முதல் மேசையில் சிஸ்டர்: இரண்டு விதக் குப்பி, இரண்டு வித சிரிஞ்சு, மாணவர் தாமே பொருத்தி எடுத்துக் காட்ட வேண்டும். 50 யூனிட் ரெகுலர் இன்சுலினை 50 மி.லி. சலைன் கரைசலாக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். 40 யூனிட் குப்பியில் அது 1.25 மி.லி.; சிவப்பு மூடி சிரிஞ்சு முழுதாக நிரம்பினாலும் 40 யூனிட்தான், ஆகவே ஒருமுறை 40, மறுமுறை 10 என்று இரண்டு தடவை எடுக்க வேண்டும். 100 யூனிட் குப்பியில் அரை மி.லி. இதைக் கையால் செய்தவர் பிறகு மறப்பதில்லை. காலாவதியான குப்பிகளையோ தண்ணீர் நிரப்பிய பழைய குப்பிகளையோ பயன்படுத்துங்கள். 'பயிற்சிக்கு மட்டும்' என்ற சீட்டு ஒட்டி, வகுப்பு முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்குங்கள். அவை வார்டுக்குள் போய்விடக் கூடாது.

இரண்டாவது மேசையில் மருந்தியல் ஆசிரியர்: கணக்கு. மணிக்கு கிலோவுக்கு 0.1 யூனிட், 50 கிலோவுக்கு 5 யூனிட், ஒரு மி.லி.க்கு ஒரு யூனிட் கரைசல் என்றால் பம்ப்பில் மணிக்கு 5 மி.லி. எடையை மாற்றி, கரைசலை மாற்றி ஐந்து கணக்கு. மூன்றாவது மேசையில் நர்சிங் ஆசிரியர்: மணிவாரிச் சார்ட். சர்க்கரை, பொட்டாசியம், சிறுநீர் அளவு, நினைவு நிலை நிரப்பிய மூன்று சார்ட்களைக் கொடுத்து, எந்த மணியில் மருத்துவரை அழைத்திருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கச் சொல்வது.

கடைசி 15 நிமிடம் எல்லோரும் மறுபடி ஒன்றாக. மேசைகளில் எந்தப் பிழை அதிகம் வந்தது என்று மூன்று ஆசிரியரும் ஆளுக்கு ஒன்று சொல்லி, ஒரு பக்கத் தாளை மாணவர் கையில் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

20 பேருக்கு ஒரு மேசை என்பது கொஞ்சம் நெரிசல்தான். ஒரு டியூட்டர் கூடுதலாகக் கிடைத்தால், நெரிசல் அதிகமான சிரிஞ்சு மேசையை இரண்டாக்குங்கள். நூறு பேர் வகுப்பானால் இந்த அமைப்பு நடக்காது. அப்போது வகுப்பையே இரண்டாகப் பிரித்து, ஒரே பாடத்தை இரண்டு அறையில் இரண்டு ஆசிரியர் ஒரே நேரத்தில் நடத்தி, மூன்றாமவர் இரண்டுக்கும் இடையே போய்வருவது மேல்.

மாணவர் முன்னால் கருத்து வேறுபட்டால்

இதற்கு விதி முன்கூட்டியே இருக்க வேண்டும். நோயாளிக்கு ஆபத்தான பிழை என்றால் உடனே குறுக்கிடலாம், பதவி பார்க்க வேண்டாம். விட்டுப்போன விஷயம் என்றால் ஒரு துண்டுச் சீட்டு. கருத்து வேறுபாடு மட்டும் என்றால் வகுப்பு முடியும்வரை பொறுக்க வேண்டும். குறுக்கிடும் சொற்களையும் பழகிக்கொள்ளுங்கள்: "மேடம் சொன்னது பழைய அளவு, இப்போது மாறியிருக்கிறது" என்பது ஒருவரையும் சுடாது. "அப்படி இல்லை மேடம்" என்பது சுடும்.

நம் கல்லூரிகளில் மிகக் கடினமான இடம் இது. புரொபசர் பேசும்போது டியூட்டர் வாய் திறக்க மாட்டார். நேற்றுவரை அவரிடமே படித்தவராகவும் இருப்பார். ஆனால் வார்டில் தினமும் நிற்பவர் அந்த டியூட்டர்தான். எந்த சிரிஞ்சு இருக்கிறது என்று தெரிந்தவரும் அவர்தான். 'சேர்ந்து நடத்துங்கள்' என்று சொல்லிவிட்டால் மட்டும் அவர் பேசிவிட மாட்டார். ஸ்லைடு மாற்றுபவராகவே நிற்பார். மாற்றுவதற்கு ஒரே வழி, மூன்றில் ஒரு வகுப்புக்காவது இளையவரைப் பொறுப்பாளராகப் போட்டு, மூத்தவர் அவருக்குக் கீழே ஒரு மேசையை எடுத்துக்கொள்வது. மூத்தவரே இதைக் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது.

பொறுப்பாளர் ஒருவர் என்பதும் முக்கியம். மூன்று பேர் சேர்ந்து பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை. குப்பி வாங்கி வருவது, லேப் சாவி, தாள் அச்சிடுவது, ஒருவர் விடுப்பு எடுத்தால் அவர் மேசையை யார் எடுப்பது, மாணவர் சந்தேகம் கேட்க யாரிடம் வருவது எல்லாம் அவர் தலையில். அந்தப் பெயரை மாணவருக்கும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மேடத்திடம் கிடைக்காத அனுமதியை இன்னொரு மேடத்திடம் வாங்கும் வேலை தொடங்கிவிடும்.

வார்டில்

புதன்கிழமை நடத்திய பாடத்தை அந்த வாரமே மாணவர் நோயாளியிடம் பார்க்க வேண்டும். 60 பேரும் ஒரே வாரத்தில் மெடிக்கல் வார்டில் இருக்க மாட்டார்கள். ரொட்டேஷனில் சிலர் ஆபரேஷன் தியேட்டரில், சிலர் எலும்பு வார்டில் இருப்பார்கள். ஆகவே ஒரு பக்கத் தாள் அந்தந்த வார்டின் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடமும் இருக்க வேண்டும். ஒரு ஆசிரியருக்குப் பத்து மாணவர் என்ற கணக்கில் ஆறு பேர் வெளியே நிற்கிறார்கள் என்றால், ஆறு பேரும் அந்த நான்காவது பத்தியையே சொல்ல வேண்டும். வகுப்புக்கு வராத ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்டர் போதும், மொத்த உழைப்பையும் கலைக்க. திட்டக் கூட்டத்துக்கு அவர்கள் வர முடியாவிட்டால், தாளைக் கையில் கொடுத்துப் பத்து நிமிடம் பேசுங்கள். வாட்ஸாப்பில் படம் அனுப்பிவிட்டு வேலை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள்.

மதிப்பெண்

வகுப்பைச் சேர்ந்து நடத்திவிட்டு விடைத்தாளை ஆளுக்கு இருபது என்று பிரித்துக்கொண்டால் பழைய குழப்பம் பின்வாசல் வழியாக வந்துவிடும். இன்டர்னல் தேர்வுத் தாள் வந்ததும் ஐந்து தாள்களின் நகலை மூவரும் தனித்தனியே திருத்துங்கள். பத்து மதிப்பெண் கேள்வியில் இருவருக்குள் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் இடைவெளி வந்தால், விடைக்குறிப்பில் ஏதோ தெளிவில்லை. ஒருவர் படத்துக்கு மதிப்பெண் போட்டிருப்பார். ஒருவர் நர்சிங் கவனிப்பின் காரணத்தை எதிர்பார்த்திருப்பார். குறிப்பைத் திருத்தியபின் மீதியைப் பிரித்துக்கொள்ளலாம். அரை மணி நேர வேலை இது.

ஆஸ்கி (OSCE, நிலையம் நிலையமாகச் செயலைச் செய்து காட்டும் தேர்வு) நிலையங்களுக்கும் செக்லிஸ்ட்டை அந்த ஒரு பக்கத் தாளிலிருந்தே எடுங்கள். ஒவ்வொரு வரியும் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக இருக்கட்டும்: 'குப்பியின் அடர்த்தியை வாய்விட்டுப் படித்தார்', 'அதற்குரிய நிறமூடி சிரிஞ்சை எடுத்தார்'. 'சரியாக இன்சுலின் எடுத்தார்' என்று எழுதினால் ஆளுக்கொரு 'சரி' வந்துவிடும். செய்யத் தவறினால் மற்றதெல்லாம் செய்திருந்தாலும் தேறாது என்ற வரிகள் எவை என்பதையும் முன்கூட்டியே குறித்து, மாணவருக்கும் சொல்லிவிடுங்கள். அடர்த்தியும் சிரிஞ்சும் பொருந்துவது அப்படி ஒரு வரி.

பதிவேடும் வேலைக் கணக்கும்

இதில் பல நல்ல முயற்சிகள் சத்தமில்லாமல் செத்துப்போகின்றன. இரண்டு மணி நேர வகுப்பை மூன்று பேர் நடத்தினால், மாணவர் வருகைப் பதிவேட்டில் இரண்டு மணி. ஆசிரியர் வேலைக் கணக்கில் மூவருக்கும் தலா இரண்டு மணி. சில கல்லூரிகளில் இதை மூன்றால் வகுத்து ஆளுக்கு நாற்பது நிமிடம் என்று போடுகிறார்கள். அப்படிப் போட்டால் அடுத்த செமஸ்டரில் யாரும் முன்வர மாட்டார்கள். வரவில்லை என்று குறை சொல்லவும் முடியாது. திட்டக் கூட்டத்தின் ஒன்றரை மணியும் டைம் டேபிளில் இடம்பெற வேண்டும். பிரின்சிபாலிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டையும்தான். எல்சிடி புரொஜெக்டரை அப்புறம் கேட்கலாம். இன்ஸ்பெக்‌ஷன் கோப்புக்கு லெசன் பிளானில் பொறுப்பாளர் பெயரை முதலிலும் மற்றவர் பெயரை அடுத்தும் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். வார்டு சிஸ்டரைக் கூப்பிடுவதற்கு நர்சிங் சூப்பரின்டென்டெண்டின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும், ஷிஃப்ட் நேரத்தில் அவர் இரண்டு மணி வெளியே இருப்பதால். மாதத்துக்கு இரண்டு வகுப்புக்கு மேல் ஒரே சிஸ்டரைக் கேட்காதீர்கள்.

வகுப்பு முடிந்ததும் மூவரும் பத்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள். எந்தக் கேள்விக்கு மாணவர் விழித்தார்கள், எங்கே நேரம் போயிற்று, தாளில் எந்த வரி மாற வேண்டும் என்று லெசன் பிளான் பின்பக்கத்தில் கையால் எழுதுங்கள். மறுநாள் எழுதலாம் என்று விட்டால் எழுதப்படாது. அடுத்த ஆண்டு இதே பாடத்துக்குத் திட்டக் கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிவது அந்தப் பின்பக்கத்தால்தான்.

இந்த செமஸ்டருக்கு

உங்களுக்குக் கூடுதல் ஆளோ நேரமோ கிடைக்காது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்று செய்யலாம். நான்கு பேரும் ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து, மாணவர் 'ஆளுக்கொன்று சொல்கிறார்கள்' என்று புகார் சொன்ன செயல்களை எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வராது. ஒவ்வொன்றுக்கும் அந்த நான்கு பத்தியை நிரப்புங்கள். நிரப்ப முடியாமல் நீங்கள் நால்வரும் வாதிடும் இரண்டு வரிகள் கட்டாயம் இருக்கும். அந்த இரண்டையும் இந்த செமஸ்டரின் கூட்டு வகுப்புகளாக எடுத்துக்கொள்ளுங்கள். வார்டு இன்சார்ஜ் சிஸ்டருக்கு இன்றே சொல்லி வைத்தால், பத்து நாளில் முதல் வகுப்பை நடத்திவிடலாம்.